ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆதரித்தாரா, எதிர்த்தாரா? மலையக மக்களின் குடியுரிமை பறிபோன கதை

மலைச்சாரல்:
"1948இல் மலையக மக்களின், அதாவது இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழரின், குடியுரிமையைப் பறித்தது பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா அரசு. தமிழ்த் தலைவர்கள் எல்லோரும் அதை எதிர்த்தார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எல்லோருமா? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் எந்தப் பக்கம் வாக்களித்தார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
எழுதியது நான்தான். ஜீ.ஜீ. எதிர்த்தே வாக்களித்தார். 1948 ஓகஸ்ட், இலங்கைக் குடியுரிமைச் சட்டமூலம். பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டை எடுத்துப் பாருங்கள்.

மலைச்சாரல்:
ஓகஸ்டோடு ஹன்சாட்டை மூடிவைக்காதீர்கள். ஓகஸ்டில் எதிர்த்தவர் செப்டெம்பரில் அதே சேனநாயக்காவின் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலம் வந்தபோது ஆதரவாக வாக்களித்தார். நாலு மாதம்கூடத் தாங்கவில்லை அந்த எதிர்ப்பு.

வடமராட்சியான்:
அது வேறு சட்டம் ஐயா. பறித்தது 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம். அதை அவர் எதிர்த்தார். நீங்கள் சொல்லும் டிசம்பர்ச் சட்டமூலம், அதாவது 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், குடியுரிமை கொடுக்க வந்த சட்டம். கொடுப்பதற்குக் கை உயர்த்தியவரைத் துரோகி என்கிறீர்கள்.

மலைச்சாரல்:
கொடுக்க வந்த சட்டமா? அதன் நிபந்தனைகளை வாசித்தீர்களா? திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருந்தவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? எட்டு லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

என் பாட்டனின் தகப்பன் கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர். அந்தப் பாதையில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பாட்டன் பிறந்தது இந்த மண்ணில். ஆனால் பிறப்புப் பதிவு இல்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்றது முதல் சட்டம், அதுவும் இல்லை. இரண்டாவது சட்டத்தில் போட்ட மனுவும் தள்ளுபடி. எழுபது வயதில் நாடற்றவராகவே செத்தார். அந்த இரண்டாவது சட்டத்துக்குத்தான் உங்கள் ஜீ.ஜீ. ஆதரவளித்தார்.

செங்குன்று:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1947 தேர்தலில் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. சேனநாயக்காவுக்குப் பயம் அங்கேதான். இடதுசாரிகள் இந்தச் சட்டங்களை எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரஸில் இருந்த செல்வநாயகம் ஜீ.ஜீ.யை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

மலைச்சாரல்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். ஜீ.ஜீ. சரியாகத்தான் நடந்தார் என்றால் செல்வநாயகம் ஏன் பிரிந்தார்?

வடமராட்சியான்:
ஜீ.ஜீ. அமைச்சராக இருந்ததால்தான் வடக்கில் காங்கேசன்துறைக்குச் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. சரி, நான் ஒன்று கேட்கிறேன். 1978இல் தொண்டமான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தாரே? மலையகத் தலைவர் அமைச்சரானால் சாணக்கியம், யாழ்ப்பாணத் தலைவர் அமைச்சரானால் துரோகமா?

மலைச்சாரல்:
தொண்டமான் உள்ளே போய் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வாங்கினார். உங்களவர் உள்ளே போய்ச் சீமெந்து வாங்கினார். எங்களைத் தோட்டக்காட்டான் என்று இழிவாகக் கூப்பிட்ட வாய்களும் உங்கள் பக்கத்தில்தான் இருந்தன, அதையும் நான் மறக்கவில்லை.

வடமராட்சியான்:
இப்போது ஊர்ச் சண்டைக்கு இழுக்கிறீர்கள். வாக்கெடுப்பைப் பற்றிப் பேசுங்கள். 18ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்த்தாரா, இல்லையா?

கூடலூரான்:
அண்ணே, நீங்க 1948லயே நிக்கிறீங்க. 1964 அக்டோபர்ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்களே, அதை யார் பேசுறது? 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. மூட்டையைப் பிரிக்கிற மாதிரி. எங்க அம்மாவை ஒருத்தரும் கேட்கலை. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினாங்க, அப்புறம் நீலகிரி. அங்கே இலங்கையில கள்ளத்தோணின்னு ஏசினாங்க, இங்கே இந்தியாவுல சிலோன்காரி. இந்திய வம்சாவளின்னு சொல்லிச் சொல்லியே எங்களைப் பெயர்த்து எடுத்தாங்க.

செங்குன்று:
அந்தப் பெயர் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. மீதிப் பேருக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே "இந்திய வம்சாவளியினர்" என்றுதான் வருகிறது.

வடமராட்சியான்:
அந்தப் பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்டவர்கள் யார்? இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்று நாங்களா பெயர் வைத்தோம்?

மலைச்சாரல்:
1939இல் வைத்த பெயருக்காக 1948இல் பிரஜாவுரிமையைப் பறிக்கலாமா? நீங்கள் எங்கே சுற்றிப் போனாலும் நான் டிசம்பருக்கே வருவேன். டிசம்பரில் ஜீ.ஜீ. எந்தப் பக்கம்?

வடமராட்சியான்:
ஓகஸ்டில் எதிர்த்தார். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலைச்சாரல்:
டிசம்பர்.