வெள்ளம் வந்த வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? (வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம்)

கேட்டவர்: ஆற்றோர வீட்டுக்காரன்

வணக்கம். முடிச்சூருக்கு அடுத்த வரதராஜபுரத்தில் அப்பா பெயரில் ஒரு தனி வீடு இருக்கிறது. ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான மனை, தரைத்தளமும் மொட்டை மாடியில் ஓர் அறையும். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அப்பா கட்டியது. இப்போது அவருக்கு முழங்கால் வலி, ஐப்பசி பிறந்தாலே தூக்கம் போய்விடுகிறது, வானிலை அறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோயம்புத்தூருக்கு என்னுடன் அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டோம், அதனால் வீட்டை விற்க வேண்டும்.

இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 நவம்பர் நடுவில் ஒரு முறை, டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் வெள்ளம் வந்தது. டிசம்பரில் தரைத்தளம் முழுக்கப் போய்விட்டது, அப்பாவும் அம்மாவும் மேல் அறையில் இருந்து படகில்தான் வெளியே வந்தார்கள். அப்புறம் 2020 நிவர், 2021 நவம்பர், 2023 மிக்ஜாம் என்று ஒவ்வொன்றிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, அளவுதான் கூடக்குறைய இருந்தது.

தரகர் சொல்வது இதுதான்: சுவரில் உள்ள தண்ணீர்க் கோட்டைப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைத்துவிடுங்கள், சித்திரை வைகாசியில் ஆட்களைக் கூட்டி வருகிறேன், கேட்டால் தெருவில் கொஞ்சம் நிற்கும், வீட்டுக்குள் வராது என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பாதி விலைக்குக்கூட ஆள் வராது என்கிறார். அப்பாவின் மருத்துவச் செலவுக்கு இருப்பது இந்த ஒரு சொத்துதான், அதனால் விலையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் சிறு குழந்தைகளுடன் ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனதில் இருந்து மனசு கேட்கவில்லை. சட்டப்படி நான் எதைச் சொல்லியே ஆக வேண்டும்? சொன்னால் உண்மையிலேயே விற்காதா? இப்படி விற்றவர்கள், வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: பத்திர வக்கீல்

நான் சொத்து வழக்குகள் பார்க்கிறேன், அதனால் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். அமெரிக்கா மாதிரி வெள்ள வரலாற்றை நிரப்பிக் கொடுக்கும் கட்டாயப் படிவம் நம் ஊரில் இல்லை. ஆனால் அதனால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று தரகர்கள் பேசுவது தவறு. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 55(1)(அ) தெளிவாகச் சொல்கிறது: சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் கடைசியில் இருக்கிறது.

இதில் ஓட்டை எங்கே என்றால், வரதராஜபுரம் வெள்ளம் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது, சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் என்று உங்கள் தரப்பில் வாதாடலாம். சில நேரம் எடுபடவும் செய்யும். ஆனால் தரகர் சொன்னபடி கோட்டை மறைத்து பெயின்ட் அடித்து, கேட்டதற்கு உள்ளே வராது என்று சொன்னால் நீங்கள் வாய் மூடி இருந்த கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-இல், தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பது மோசடி வகைகளில் ஒன்று. வாங்கியவர் விசாரித்திருக்கலாமே என்று தப்பிக்கும் வழி பிரிவு 19-இல் உண்டு, அது மௌனத்துக்கும் தவறான தகவலுக்கும்தான் சொல்லப்பட்டிருக்கிறது, திட்டமிட்டு மறைத்ததற்கு இல்லை. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, உண்மை தெரிய வந்த நாளில் இருந்து மூன்று வருடம் காலக்கெடு. அதாவது அடுத்த பெரிய மழை வரும்போதுதான் உங்களுக்கு அந்தக் கணக்கே தொடங்கும். உங்கள் அப்பா வயதில் நீதிமன்றத்துக்கு நடப்பதை யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது சுலபம். விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி எழுதுங்கள். எந்த வருடம், எந்த மாதம், தரையில் இருந்து எத்தனை அடி தண்ணீர், அதற்குப் பிறகு என்ன பழுது பார்த்தீர்கள், வாங்குபவர் இதையெல்லாம் அறிந்தே வாங்குகிறார், அவ்வளவுதான். அந்தப் பத்தி வாங்குபவரை விட உங்களைத்தான் அதிகம் காப்பாற்றும்.

பதில் 2: முடிச்சூர்க்காரர்

தம்பி, நானும் இதே பக்கம்தான், உங்கள் தெருவுக்குச் சற்றுத் தள்ளி. நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் எங்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஒப்பந்தத்தில் ஐந்து தடவை வெள்ளம் வந்தது என்று எழுதினால், அது தரகர்கள் வாயில் சுற்றித் தெருவில் எல்லா வீட்டு விலையும் இறங்கும். இங்கே இருப்பவர்கள் முக்கால்வாசி பேர் கடன் வாங்கிக் கட்டிய நடுத்தரக் குடும்பங்கள், ஓய்வூதியக்காரர்கள். யாரும் வேண்டுமென்று ஆற்று வழியில் போய் உட்காரவில்லை, லேஅவுட் போட்டார்கள், அனுமதி கொடுத்தார்கள், வங்கி கடன் கொடுத்தது, பதிவு செய்தார்கள். தப்பெல்லாம் கடைசியில் விற்கிறவன் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

இன்னொன்று, 2015 என்றாலே செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால் என்கிறார்கள். அந்த உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை பக்கம், நமக்குக் கீழே. நமக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் என்று மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர், அதோடு தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழை. அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடிய கால்வாய் வெட்டினார்கள், முன்பை விடத் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. வெள்ளம் வந்ததைச் சொல்வதாக இருந்தால் இந்த வேலைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் உண்மைதானே.

பதில் 3: கீழ்த்தள வாசி

நான் வாங்கி ஏமாந்த பக்கம் இருந்து பேசுகிறேன். வேளச்சேரியில் பழைய அடுக்ககம் ஒன்றில் தரைத்தள வீடு, கோடைக்காலத்தில் பார்த்து வாங்கியது. விற்றவரும் தரகரும் கேட்டபோதெல்லாம் சொன்னது ஒரே பதில், தெருவில் கணுக்கால் அளவு நிற்கும், ஒரு நாளில் வடிந்துவிடும். குடிபோன பிறகு சுவரோடு பதித்த அலமாரியின் பின்பலகையைக் கழற்றியபோதுதான் இடுப்புயரத்துக்குப் பழுப்பு நிறக் கோடு தெரிந்தது. 2023 மிக்ஜாமில் தண்ணீர் கிட்டத்தட்ட அதே கோடு வரை வந்தது. பிள்ளைகளின் புத்தகம், வாஷிங் மெஷின், மாமியாரின் கட்டில் எல்லாம் போயிற்று. பல நாள் மின்சாரம் இல்லை.

எனக்கு ஆத்திரம் தண்ணீர் மேல் இல்லை. முன்னாலேயே தெரிந்திருந்தால் இரண்டாவது மாடி கேட்டிருப்பேன், அல்லது அதே வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, மிச்சப் பணத்தில் பொருளை எல்லாம் உயரத்தில் வைக்க மேடை கட்டியிருப்பேன். முடிவெடுக்கும் வாய்ப்பை என்னிடம் இருந்து பறித்துவிட்டார்கள். முடிச்சூர் அண்ணா, உங்கள் தெரு விலை இறங்கும் என்று சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த விலையை மறைத்து வைத்தால் அது காணாமல் போவதில்லை, என்னைப் போல அடுத்து வருகிறவர் மொத்தமாகக் கட்டுகிறார். அனுமதி கொடுத்தவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது, அதற்கு வாங்குகிற குடும்பம் என்ன செய்யும்?

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈபி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, மோட்டாரை மேடை கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா, சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்து எவ்வளவு மேலே என்று பாருங்கள். தண்ணீர் பார்த்த வீட்டுக்காரர் இதையெல்லாம் உயர்த்தாமல் இருக்க மாட்டார். புது பெயின்டுக்கு அடியில் சுவர் உப்புப் பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். வாசலை விடச் சாலை உயர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டு எத்தனையோ தெருவில் வீடுகள் பள்ளமாகிவிட்டன. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை.

பதில் 4: ஹூஸ்டன் தமிழன்

2017 ஹார்வி புயலின்போது நான் இங்கேதான் இருந்தேன். ஊரின் மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் தண்ணீர் ஏறும் பரப்புக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டி விற்கப்பட்டிருந்தன. தங்கள் வீடு நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது என்பதே பல பேருக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு டெக்சாஸில் சட்டம் மாறியது. 2019 செப்டம்பர் முதல், வீடு விற்பவர் கொடுக்கும் படிவத்தில் முன்பு வெள்ளம் வந்ததா, வெள்ளக் காப்பீடு இருக்கிறதா, வீடு வெள்ளப் பகுதியில் அல்லது நீர்த்தேக்கப் பரப்பில் இருக்கிறதா என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா முழுக்க இப்படி என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் 2024 மார்ச் வரை, வாங்குபவருக்கு 500 டாலர் கழித்துக் கொடுத்துவிட்டு அந்தப் படிவத்தையே கொடுக்காமல் விற்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள். இப்போது அது முடியாது.

நீங்கள் கேட்ட முக்கியக் கேள்வி, சொன்னால் விற்குமா என்பது. இங்கே ஹார்வியில் மூழ்கிய வீடுகள், மூழ்கியது என்று படிவத்தில் எழுதியே தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்குபவர் வருகிறார், எவ்வளவு ஏறியது, சுவரைப் பிரித்துக் காயவைத்தீர்களா, ரசீது எங்கே என்று கேட்கிறார், அதற்கு ஏற்ற விலை பேசுகிறார். பழுது பார்த்த ரசீதுகளை எல்லாம் எடுத்து வையுங்கள்.

பதில் 5: மேஸ்திரி மகள்

நாங்கள் குடும்பமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறோம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிட்டு விற்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சட்டமும் ஜாக்கியும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு அடி உயர்த்தி, இடைவெளியைச் செங்கல் வைத்துக் கட்டுவார்கள். நல்ல ஆட்கள் செய்தால் நன்றாகவே வரும். ஆனால் தரை முழுக்கப் புதிதாகப் போட வேண்டும், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு எல்லாம் மாற்ற வேண்டும். இருந்து வாழப் போகிறவர்களுக்குச் சரி. விற்கப் போகிற வீட்டில் அந்தப் பணம் திரும்பி வராது. அதோடு தெருவில் தண்ணீர் நின்றால் உயர்ந்த வீட்டிலும் மாட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஆள் வேறு. வீடாக வாங்க வருகிற இளம் தம்பதியை விட்டுவிடுங்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே தூண்கள் மட்டும் நிறுத்திக் கார் நிறுத்த விட்டு, மேலே இரண்டு தளம் கட்டுகிறவர்கள் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர்க் கோடு எங்கே இருக்கிறது என்பது தேவையான தகவல், தூண் உயரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அவர்களிடம் மறைத்தால் உங்களுக்கே நஷ்டம், சொன்னால் பேச்சு வேகமாக முடியும். கட்டடத்துக்கு விலை கிடைக்காது, மனைக்குக் கிடைக்கும். பழைய தரைத்தள வீட்டுக்கு எப்படியும் மனை விலைக்கு மேலே அதிகம் யாரும் தரப் போவதில்லை, அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் கட்டிய வீடு இல்லையா.

கேட்டவர்: ஆற்றோர வீட்டுக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மேஸ்திரி மகள் சொன்னது மாதிரி மனையாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவிடம் நேற்று இரவு பேசினேன். இடிப்பது என்றதும் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "பெயின்ட் எல்லாம் அடிக்காதே, அந்தக் கோட்டைக் காட்டியே பேசு" என்றார். தரகரை மாற்றுகிறேன். வக்கீல் சார், ஒப்பந்தப் பத்தியில் கால்வாய் வேலை நடந்ததையும் சேர்த்து எழுதலாமா? முடிச்சூர் அண்ணா சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். இன்னொரு கேள்வி, விற்கும் வரைக்கும் ஒரு மழைக்காலம் தாண்ட வேண்டி வந்தால் காப்பீடு கிடைக்குமா?

பதில் 6: பத்திர வக்கீல்

தாராளமாக எழுதலாம், ஆனால் நடந்த வேலையை மட்டும் எழுதுங்கள், இனி வெள்ளம் வராது என்று பொருள்படும் வரி எதுவும் வேண்டாம். அதற்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது.

காப்பீட்டுக்கு, பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது வடிவ வீட்டுக் காப்பீட்டை 2021 ஏப்ரலில் இருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். வீட்டுக்கு எடுத்தால் உள்ளே இருக்கும் பொருட்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேரும். விண்ணப்பத்தில் முந்தைய வெள்ளம், இழப்பீடு பற்றிக் கேட்டால் அங்கேயும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், மறைத்தால் இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள். புயல் பெயர் வைத்த பிறகு ஓடாமல், ஆவணி புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள்.