71 வயதில் திரும்பவும் கேமராவைத் தூக்கிய ஜப்பான் பாட்டி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மலர்_திருமங்கலம்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா திருமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பத்தாவது படிக்கும்போதே அவரோடு இருட்டறைக்குள் போய்விடுவேன். சிவப்பு பல்பு, ஹைப்போ வாடை, தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் புருவம் தெரியும், அப்புறம் கண், அப்புறம்தான் முகம். கல்லூரி முடிப்பதற்குள் கல்யாண ஆர்டர்களுக்குத் தனியாகப் போய் படம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். 23 வயதில் எனக்குக் கல்யாணம். அதோடு கேமராவை வைத்தவள்தான். யாரும் எடுக்காதே என்று சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை, 24 வருடம் ஓடிவிட்டது.

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு மகளோடு ஆற்றுக்குப் போயிருந்தேன். அழகர் இறங்குவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா, சொம்பு நிறையச் சர்க்கரை, மேலே வாழையிலை கட்டி அதில் சூடம் ஏற்றி, காற்றில் அணைந்துவிடாமல் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு நின்றார். அந்த வெளிச்சம் அவர் தாடையில் மட்டும் விழுந்தது. மகள் கையில் இருந்த கேமராவை என்னையறியாமல் வாங்கி நாலு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது அழுதுவிட்டேன். கை மறக்கவில்லை.

இப்போது திரும்ப எடுக்கலாம் என்று ஆசை. கல்யாண வேலை இல்லை, சந்தை, பூக்கடை, வயல்வேலை செய்யும் பெண்கள், இதையெல்லாம் எடுக்க வேண்டும். வீட்டில் சொன்னால், இந்த வயசுக்கு மேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையப் போகிறாயா என்று கொழுந்தனார் கேட்கிறார். ஏதோ பத்திரிகையில் ஒரு ஜப்பான் பாட்டியைப் பற்றி நாலு வரி படித்த ஞாபகம், 71 வயதில் போட்டோ எடுக்க ஆரம்பித்து நூறு வயது தாண்டியும் எடுத்தாராம். அது உண்மையா? பெயர் என்ன? இடைப்பட்ட காலத்தில் எப்படி வாழ்ந்தார்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

செல்லூர்_டோக்கியோ:

மலர் அக்கா, நீங்கள் கேட்பது சசமோட்டோ சுனேகோவைப் பற்றி. ஜப்பானின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று இங்கே அவரைத்தான் சொல்வார்கள். நான் செல்லூர், வேலைக்காக டோக்கியோவில் இருக்கிறேன். அவரைப் பற்றி இங்கே நிறைய வாசித்திருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 71 வயதில் அவர் ஆரம்பிக்கவில்லை, திரும்பி வந்தார். உங்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

1914 செப்டம்பரில் டோக்கியோவில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்பதுதான் ஆசை, அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மனையியல் படிக்கப் போய், பிடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு ஓவியப் பள்ளிக்குப் போனார். அப்புறம் டோக்கியோ நிச்சிநிச்சி என்ற நாளிதழுக்குப் பகுதிநேரமாகச் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து கொடுத்தார், இன்றைய மைனிச்சி பத்திரிகைதான் அது. அந்தப் பழக்கத்தில் 1940ல் புகைப்படச் சங்கம் என்ற அமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது வயது 25. கேமராவை ஒழுங்காகக் கையில் பிடித்ததே அங்கே போன பிறகுதான். பெண் என்பதால் பாவாடையும் குதிகால் செருப்புமாகத்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. கூட்டத்தில் ஆண்கள் எதன்மேலாவது ஏறி நின்று எடுத்துவிடுவார்கள், இவர் அந்த உடுப்போடு எங்கே ஏறுவது!

அன்றைக்கு ஜப்பானில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. போர் முடிந்து 1946 ஏப்ரலில்தான் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள், அந்தத் தேர்தலில் 39 பெண்கள் ஜெயித்தார்கள். சசமோட்டோ நன்றாக வேலை பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். பெண்களுக்காக நடந்த ஒரு பத்திரிகையில் இருந்தார், அப்புறம் யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் தனியாக எடுத்தார். அமெரிக்கப் படையின் தளபதி மெக்ஆர்தர், பேரரசர் குடும்பம், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், 1960ல் அமெரிக்காவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்கள், எல்லோரையும் எடுத்திருக்கிறார். 1950ல் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் உறுப்பினர்களில் ஒருவர்.

இனிமேல் நீங்கள் கேட்டது. அறுபதுகளில் அவர் படம் கொடுத்துக்கொண்டிருந்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வேலை இல்லை. உடை தைத்துக் கொடுத்தார், பூ அலங்காரம் செய்தார், அதில்தான் பிழைப்பு. ஏறக்குறைய 20 வருடம் இப்படி. 1985ல் பழைய நெகட்டிவ்களை எடுத்து ஷோவா காலத்து, அதாவது 1926ல் தொடங்கிய பேரரசர் காலத்து மனிதர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். அப்போதுதான் 71. திரும்பி வந்தவர் பழைய படங்களை மாட்டிவைத்ததோடு நிறுத்தவில்லை. மெய்ஜி காலத்தில், அதாவது 1912க்கு முன்னால் பிறந்து, தங்கள் துறையில் ஊன்றி நின்ற பெண்களைத் தேடித்தேடி எடுத்தார். கிட்டத்தட்ட நூறு பேர். எழுத்தாளர் உனோ சியோ அதில் ஒருவர். தன்னைவிட மூத்த பெண்களின் வீட்டுக் கதவை எழுபது வயதுக்கு மேல் போய்த் தட்டியிருக்கிறார் அக்கா, எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

96 வயது வரை தன் வயதை வெளியில் சொல்லவே இல்லை. 2014ல் யோகோஹாமாவில் நூறு வயதுக் கண்காட்சி. கையும் காலும் முறிந்த பிறகும் எடுப்பதை விடவில்லை, மறைந்துபோன நண்பர்களின் நினைவாகப் பூக்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். 2016ல் 102 வயதில் புகைப்படக்காரர்களுக்குக் கொடுக்கும் அமெரிக்காவின் லூசி விருது, வாழ்நாள் சாதனைக்காக. 2022 ஆகஸ்டில் 107 வயதில் காலமானார். புகைப்படக்காரர்கள் சங்கம் இன்று அவர் பெயரிலேயே ஒரு விருது கொடுக்கிறது.

வைகை_வடகரை:

நல்ல விவரம் தம்பி. நான் வரலாற்று ஆசிரியை, ஒன்றைச் சேர்க்காமல் போக மனம் வரவில்லை. 1940ல் அவர் சேர்ந்த அந்தப் புகைப்படச் சங்கம் சாதாரணப் பத்திரிகை அலுவலகம் இல்லை. 1938ல் ஜப்பான் அமைச்சரவையின் தகவல் துறை முன்னின்று உண்டாக்கியது, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜப்பானை நல்லவிதமாகக் காட்டும் படங்கள் தயாரிப்பதுதான் அதன் வேலை. சீனாவில் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் ஒப்பந்தம் போட்டதைக் கொண்டாட மூன்று நாட்டுப் பெண்களும் கூடிய விழாவை எடுத்ததும் இவர்தான். அதாவது அவருக்குத் திறந்த முதல் கதவே அரசாங்கப் பிரசாரத்தின் கதவு. முதல் பெண் என்று கொண்டாடும்போது இதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேமரா யார் கையில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி என்றால், படம் யாருக்காகப் போகிறது என்பது இன்னொரு கேள்வி. மலர், நீ சந்தையில் எடுக்கப்போகும் பெண்களைப் பற்றியும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொள் அம்மா.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தாரே, ஹோமாய் வியாரவாலா. 1913 டிசம்பரில் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சசமோட்டோவுக்கு ஒரு வயதுகூட மூத்தவர் இல்லை. தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. பிரிவினையை ஒப்புக்கொண்டு தலைவர்கள் கையைத் தூக்கிய கூட்டம், மவுண்ட்பேட்டன் புறப்பட்ட நாள், காந்தியின் இறுதி ஊர்வலம், 1956ல் நாதுலா கணவாய் வழியாக தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்தது, எல்லாம் அவர் கண் பார்த்தவை. டால்டா 13 என்ற புனைபெயர்கூட உண்டு, கார் எண் டிஎல்டி 13 என்பதால். 1969ல் கணவர் போனார், அடுத்த வருடமே கேமராவை மூடிவைத்தார். புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தை அவருக்குப் பிடிக்கவில்லை, மரியாதை போய்விட்டது என்று வருந்தினார். 2012 ஜனவரியில் வடோதராவில் காலமாகும் வரை, 40 வருடத்துக்கு மேல், தொழிலாக ஒரு படம் எடுக்கவில்லை. 2011ல் பத்ம விபூஷண் வந்தது.

இரண்டு பேரும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை. வராதவரை நான் தப்பாகச் சொல்லமாட்டேன், அவர் தெரிந்து எடுத்த முடிவு அது. உன் விஷயம் வேறு. நீ முடிவு எடுத்து நிறுத்தவில்லை, தானாக நின்றுபோனது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

செல்லூர்_டோக்கியோ:

டீச்சர், நீங்கள் சொன்னது சரி, நான் அதை எழுதாமல் விட்டது தப்பு. போருக்குப் பிறகு எடுத்தவற்றோடு சேர்த்துப் பார்த்தால் அவர் வெகுதூரம் வந்திருக்கிறார் என்பது என் எண்ணம். அரசாங்கத்துக்காகப் படம் எடுத்துத் தொழில் கற்றவர், இருபது வருடம் கழித்து அரசாங்கத்தை எதிர்த்து நின்ற மாணவர்களுக்கு நடுவில் கேமராவோடு நின்றார். ஆனால் அதனால் முதலில் பிரசாரத்துக்காக எடுத்தது இல்லை என்று ஆகிவிடாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய_பிலிம்காரர்:

தாயி மலரு, நான் 30 வருடத்துக்கு மேல் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவன், இப்போது வீட்டோடு இருக்கிறேன். பாலமேட்டில் ஜல்லிக்கட்டு எடுத்துவிட்டு, பிலிம் ரோலைக் கவரில் போட்டுப் பேருந்து நடத்துநர் கையில் கொடுத்தனுப்பிய காலம் எங்களுடையது.

ஒரு விஷயம் ரொம்ப நாளாக நெஞ்சில் கிடக்கிறது. வருஷம் வேண்டாம், ஊர் வேண்டாம். ஒரு ஜல்லிக்கட்டுக்கு வெளியூரிலிருந்து ஒரு பொண்ணு கேமராவோடு வந்தது, இருபத்தஞ்சு வயசு இருக்கும். வாடிவாசலுக்கு எதிரே எங்களுக்கென்று மேடை போட்டிருந்தார்கள். பொம்பளைப் பிள்ளை இங்கே ஏறக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அது அனுமதிச் சீட்டைக் காட்டிக் காட்டிப் பேசியது. மேலே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம், தள்ளி நின்றால் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. காளை வந்துவிடும், ஃபோகஸ் போய்விடும் என்று வ்யூஃபைண்டரிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பிள்ளை தடுப்புக் கட்டைக்கு வெளியே, கூட்டத்துக்குப் பின்னால், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்காமலே அழுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் என் படம் பெரிசாக வந்தது. எல்லோரும் எடுக்கிற அதே திமில், அதே கை. அந்தப் பிள்ளை நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அந்த ஜப்பான் அம்மா குதிகால் செருப்போடு எங்கே ஏறியிருப்பார் என்று தம்பி எழுதியதைப் படித்ததும் அந்தப் பிள்ளை ஞாபகம்தான் வந்தது.

உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டுதான். சந்தைக்குப் போனால் முதல் நாள் கேமராவைப் பையை விட்டு எடுக்காதே. காய் வாங்கு, டீ குடி, பேசு. இரண்டாம் வாரம் போனால் அவர்களே, அன்னைக்கு வந்த பிள்ளைதானே என்பார்கள். அப்புறம் எடு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் என்றால் விடிவதற்கு முன்னாலேயே போய்விடு, வெயில் ஏறிவிட்டால் மல்லிகைக் குவியல் வெள்ளையாக அடித்துவிடும், ஒரு பூகூடப் பிரிந்து தெரியாது. இரண்டாவது, எடுத்த ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. செல்போனில் அனுப்பாதே. தாளில் கொடு. டீச்சரம்மா கேட்டாரே, படம் யாருக்குப் போகிறது என்று. முதல் பிரிண்ட் அவர்களுக்குப் போகட்டும்.

மலர்_திருமங்கலம்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தம்பி, உடை தைத்தும் பூ அலங்காரம் செய்தும் இருபது வருடம் ஓட்டினார் என்ற இடத்தை நாலைந்து தடவை படித்தேன். நானும் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துத்தான் மகளைப் படிக்கவைக்கிறேன். தைக்கும்போது துணியில் வெளிச்சம் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அதை யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சர், நீங்கள் கேட்டதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. அந்தச் சொம்பு அம்மாவின் படத்தை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டேன், அவரிடம் காட்டவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்த மஞ்சப்பையில் ஒரு ஜவுளிக்கடைப் பெயரும் மேலூர் என்றும் இருப்பது படத்தில் தெரிகிறது. பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு நாள் மேலூர் போய்த் தேடிப் பார்க்கிறேன்.

பெரியப்பா, உங்களிடம் ஓர் உதவி. அப்பாவின் யாஷிகா, இரட்டை லென்ஸ், 120 ரோல் போடுவது, பரணில் இருந்து நேற்று இறக்கினேன். லென்ஸில் பூஞ்சை இல்லை. ஆனால் ஷட்டர் மெதுவான வேகத்தில் வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. மதுரையில் இதைச் சரிபார்க்க இன்னும் ஆள் இருக்கிறார்களா?

பழைய_பிலிம்காரர்:

இருக்கிறார், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், மாடியில். பெயரை இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்திருக்கும், அவ்வளவுதான். நீயாகத் திறந்து எதுவும் விட்டுவிடாதே தாயி, மெஷின் எண்ணெய் கிண்ணெய் விட்டால் பிளேடு ஒட்டிக்கொள்ளும். மகள் கேமராவை வைத்து மேலூர் போய்விட்டு வா, அதற்குள் இது தயாராகிவிடும். என்னிடம் ஃப்ரிட்ஜில் பழைய 120 ரோல் மூன்று கிடக்கிறது. தேதி முடிந்தது, ஆனாலும் படம் விழும். ஒரு ரோலுக்கு 12 படம்தான், பார்த்து அழுத்து.