தலையில் ரத்தக்கசிவு ஆபரேஷனுக்குப் பிறகு வார்ஃபரினை எப்போது தொடங்கினார்கள்?

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. இதயத்தில் உலோக வால்வு இருப்பதால் பல வருடங்களாக வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார். ஒரு மாதம் முன்பு தலையை லேசாக இடித்துக்கொண்டார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் நடை தள்ளாடி, பேச்சு குழறியதும் ஸ்கேன் எடுத்தோம். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு; கூடினால் உறைவது தாமதமாகும்) 4.1. வைட்டமின் கே-யும், ரத்தம் உறையவைக்கும் காரணிகள் அடங்கிய ஊசியும் போட்டு, அதை 1.3க்கு இறக்கிய பிறகே மண்டையில் துளையிட்டு ரத்தத்தை வடித்தார்கள். இப்போது நன்றாகப் பேசுகிறார். கோபம்கூடத் திரும்பி வந்துவிட்டது!

சிக்கல் இனிமேல்தான். மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் மறுபடி கசியலாம். தள்ளிப்போட்டால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். மூளை அறுவை மருத்துவர் பொறுக்கச் சொல்கிறார், இதய மருத்துவர் அவசரப்படுத்துகிறார். இருவரையும் ஒன்றாகப் பேசவைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாதாம். சரி, அந்த வழியும் அடைபட்டது.

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை நாளில் தொடங்கினார்கள்? அதற்கு முன் மறுபடி ஸ்கேன் எடுத்தார்களா? முதலில் ஹெபாரின் (இதுவும் ரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஊசியாகப் போடுவது) கொடுத்துப் பார்த்தார்களா? டோஸ் கேட்கவில்லை, அது மருத்துவர் பாடு. அவரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அப்புறம், கைவைத்தியம் வேண்டாம். உறவினர்களே நிறையச் சொல்லிவிட்டார்கள்.