ஸ்லோ குக்கரில் புல்டு போர்க்: எந்தத் துண்டு, எவ்வளவு நீர், சாஸ் எப்போது?

ராலேவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வட கரோலினாவின் ராலே நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மாடத்தில் கரி அடுப்போ எரிவாயு அடுப்போ வைக்க எங்கள் குடியிருப்பின் விதிகள் இடம் தருவதில்லை. இந்த மாநிலத்தில் விறகுத் தணலின் மேல் பல மணி நேரம் வேகவைத்துப் பிய்த்துப் பரிமாறும் பன்றி இறைச்சியை, அதாவது புல்டு போர்க்கை, வீட்டில் செய்துபார்க்க எனக்கு இருக்கும் ஒரே கருவி ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள ஸ்லோ குக்கர் எனும், மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரம்தான். வரும் சனிக்கிழமை மாலை பத்துப் பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.

செய்முறைகளைத் தேடினால் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. இறைச்சியின் மேல் ஒரு புட்டி பார்பிக்யூ சாஸை முழுவதும் ஊற்றி மூடிவிடச் சொல்கிறார் ஒருவர். கோலா ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். ஒரு சொட்டு நீர்கூடச் சேர்க்கக் கூடாது என்கிறார் மூன்றாமவர். ‘லோ’ அமைப்பில் வைத்தால்தான் மென்மை வரும் என்பவர்களும், ‘ஹை’ அமைப்பில் வைத்தாலும் வேறுபாடு இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். எந்தத் துண்டை எவ்வளவு வாங்க வேண்டும், நீர் சேர்க்க வேண்டுமா, சாஸை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பவற்றைக் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

விறகடுப்பு

வணக்கம் நண்பரே. காரணத்தோடு கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் துண்டு. பன்றியின் முன்னந்தோளின் மேற்பகுதியை இங்குள்ள கடைகளில் ‘பாஸ்டன் பட்’ என்ற பெயரில் விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். நாள் முழுதும் உழைக்கும் தசை என்பதால் அதில் இணைப்புத் திசு மிகுதி. தசைகளுக்கு நடுவே கொழுப்பும் ஓடியிருக்கும். அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாக உறைவதற்குக் காரணம் அதே ஜெலட்டின்தான். பிய்த்த இறைச்சி வாயில் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் படுவது தசைக்குள் எஞ்சிய நீரால் அல்ல, இந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் இழைகளின் மேல் படிவதால். முதுகுப் பகுதியான ‘லாயின்’ விலை உயர்ந்தது என்பதால் அது இன்னும் நன்றாக வரும் என்று எண்ணிவிட வேண்டாம். அதில் கொலாஜனும் கொழுப்பும் குறைவு. எட்டு மணி நேரம் வெந்தால் நார் நாராகக் காய்ந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, எலும்பும் உருகிப்போகும் கொழுப்பும் வெளியேறும் சாறும் போக, பச்சை எடையில் பாதியோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான் தட்டுக்கு வரும். பத்துப் பேருக்கு எலும்போடு இரண்டரைக் கிலோ போதும்.

இப்போது உங்கள் முதன்மையான ஐயத்துக்கு வருகிறேன். நீர் சேர்க்கக் கூடாது என்ற மூன்றாமவர் சொன்னதுதான் சரி. விறகுத் தணலில் வேகும் இறைச்சியைச் சுற்றி வறண்ட காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மேற்பரப்பு உலர்ந்து கறுத்த பொருக்காகும். சாறு ஆவியாகிச் சுவை செறியும். ஸ்லோ குக்கரில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து துளிகளாகி மீண்டும் பாத்திரத்துக்குள்ளேயே விழுவதால் ஏறத்தாழ எதுவும் வெளியேறுவதில்லை. இரண்டரைக் கிலோ தோள் இறைச்சி தானாகவே பல கோப்பைச் சாறு விடும். அதன்மேல் நீங்கள் கோலாவோ சாஸோ ஊற்றினால் எல்லாம் ஒன்றையொன்று நீர்க்கச் செய்து, கடைசியில் மென்மையான, ஆனால் சாரமற்ற இறைச்சிதான் கிடைக்கும். அடியில் இரண்டு வெங்காயத்தைத் தடித்த வளையங்களாக நறுக்கிப் பரப்பி அதன்மேல் இறைச்சியை வையுங்கள். அது போதும்.

முந்தின இரவே மசாலாவைத் தடவிவிடுங்கள். கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் உப்பு, அதே அளவு பிரவுன் சுகர், தாராளமாக ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டி உலர்த்திய மிளகாயின் பொடி), மிளகுத்தூள், பூண்டுப் பொடி, கடுகுப் பொடி, காரத்துக்கு மிளகாய்த்தூள். ஓர் எச்சரிக்கை: சில கடைகளில் விற்கும் பன்றி இறைச்சியில் முன்னதாகவே உப்புநீர் செலுத்தியிருப்பார்கள். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, அப்படியானால் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

‘லோ’வா ‘ஹை’யா என்ற கேள்விக்கு: பெரும்பாலான குக்கர்களில் இரண்டு அமைப்புகளும் இறுதியில் கொதிநிலையை ஒட்டிய ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் எட்டுகின்றன, எட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமே வேறு. ஆகவே ‘லோ’ என்பதால் எத்தனை மணி நேரமும் விட்டுவைக்கலாம் என்று பொருளில்லை. இறைச்சியின் நடுவே தெர்மாமீட்டர் 93 முதல் 96 டிகிரி செல்சியஸ், அதாவது உங்கள் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 200 முதல் 205 பாரன்ஹீட் காட்டும்போது, முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் தடையின்றித் திரும்பும். அந்த நேரத்தில் அணைத்துவிட வேண்டும். அதற்கு மேலும் மணிக்கணக்கில் கிடந்தால் இழைகள் பிரிந்து குழைந்து மாவு போலாகிவிடும். பாதுகாப்புக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வுமே போதும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. ஆனால் அந்த நிலையில் தோள் இறைச்சியைப் பிய்க்க முடியாது, கத்தியால்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

மிளகுக்காடி

மேலே எழுதியவரின் விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன். சாஸைப் பற்றி மட்டும் நான் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ராலேயில் இருந்துகொண்டு கடைப் புட்டியில் வரும் இனிப்பான தடித்த சாஸை இந்த இறைச்சியின் மேல் ஊற்றுவதை என்னால் பொறுக்க முடியாது. அந்தச் சாஸ் கேன்சஸ் சிட்டியின் வழி. தக்காளியும் மொலாசஸ் எனும் கரிய சர்க்கரைப் பாகும் சேர்ந்தது. அங்கே அதற்குரிய மதிப்பு உண்டு. உங்கள் மாநிலத்துக்கு அதைவிடப் பழைய வழி இருக்கிறது.

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியையும் தணலில் வேகவைத்து, வினிகர், உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய் ஆகியவற்றால் மட்டுமே சுவையூட்டுகிறார்கள். தக்காளிக்கு அங்கே இடமே இல்லை. உங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் ஏடன் என்ற சிற்றூரில் 1947 முதல் இயங்கும் ஸ்கைலைட் இன் உணவகம் இந்த மரபின் அடையாளமாக நிற்கிறது. மேற்கே போனால் லெக்சிங்டன் நகரம். அங்கே தோள் இறைச்சியை மட்டுமே சமைப்பார்கள், வினிகரோடு சிறிது கெட்ச்அப்பும் சேர்ப்பார்கள். 1984 முதல் அந்நகரம் ஆண்டுதோறும் பார்பிக்யூ விழாவும் நடத்துகிறது. எல்லை தாண்டித் தென் கரோலினாவின் நடுப்பகுதிக்குச் சென்றால் மஞ்சள் நிறக் கடுகுச் சாஸ். இத்தனையும் சில மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அமைந்திருப்பது எனக்கு எப்போதுமே வியப்பளிக்கும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது கிழக்கத்தி வழியையே. மரபுப் பெருமை மட்டும் அதற்குக் காரணமன்று. ஸ்லோ குக்கரில் உருகிய கொழுப்பு எங்கும் வடிந்து போவதில்லை. அந்தக் கனத்தை வெட்டுவதற்குப் புளிப்பு வேண்டும். இனிப்புச் சாஸ் அதன்மேல் இன்னொரு கனத்தைத்தான் ஏற்றும். ஒரு கோப்பை ஆப்பிள் சைடர் வினிகர், இரண்டு தேக்கரண்டி சில்லி ஃப்ளேக்ஸ், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி பிரவுன் சுகர்: இவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குலுக்கி இரவு முழுதும் வைத்திருங்கள், மிளகாயின் காரம் வினிகரில் இறங்கிவிடும். பிய்த்த பிறகு, சூடாக இருக்கும்போதே அரைக் கோப்பையைத் தெளித்துக் கிளறிச் சுவை பாருங்கள். மீதியை மேசையில் வையுங்கள். தொடக்கத்திலேயே பாத்திரத்தில் ஊற்றினால் வினிகரின் கூர்மை மழுங்கிவிடும்.

அடுக்களைக்காவல்

சுவையைப் பற்றி இருவரும் நிறைவாக எழுதிவிட்டார்கள். பத்துப் பேருக்குச் சமைக்கிறீர்கள் என்பதால் பாதுகாப்பைப் பற்றிச் சில செய்திகள்.

உறைந்த இறைச்சியை நேரே ஸ்லோ குக்கரில் வைக்காதீர்கள். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைவெளியில்தான் கிருமிகள் விரைந்து பெருகும். உறைந்த பெரிய துண்டு அந்த இடைவெளியைக் கடக்க மிக நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து முழுவதும் உருகிய பிறகே சமையுங்கள். இரண்டரைக் கிலோவை ஒரே துண்டாக வைப்பதைவிட இரண்டாக வெட்டுவது நல்லது. வெப்பம் நடுவரை விரைவில் சென்றடையும், மசாலா படியும் பரப்பும் கூடும். மசாலா தடவியதை வேறொரு பாத்திரத்தில் வைத்துக் குளிரூட்டுங்கள். குக்கரின் பீங்கான் பாத்திரத்தையே குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் அது சூடாகவே நெடுநேரம் ஆகும்.

மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்திருந்த வெப்பம் வெளியேறிச் சமையல் நேரம் இருபது முப்பது நிமிடம் நீளும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமற்ற பாத்திரங்களில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். அதை மறுபடி சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாமல் அடுப்பையோ மைக்ரோவேவையோ பயன்படுத்துங்கள்.

ராலேவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாஸ்டன் பட் இன்று கிடைக்கவில்லை; தோளின் கீழ்ப்பகுதியான ‘பிக்னிக்’ துண்டு தோலோடு கிடைக்கிறது. அது ஆகுமா? புகையின் மணத்துக்கும் பொருக்குக்கும் வழி உண்டா என்பது இன்னொரு கேள்வி. வீட்டில் மேலிருந்து சுடும் பிராய்லருள்ள ஓவன் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பரிமாற வேண்டுமானால் எப்போது தொடங்க வேண்டும்?

விறகடுப்பு

பிக்னிக் துண்டு தாராளமாக ஆகும். அதில் எலும்பும் இணைப்புத் திசுவும் சற்று அதிகம் என்பதால் மூன்று கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள். தோலைக் கட்டாயம் நீக்கிவிடுங்கள். தணலில் மொறுமொறுப்பாகும் அதே தோல் ஈர வெப்பத்தில் ரப்பர் போலாகிவிடும், மசாலாவையும் உள்ளே விடாது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ஒரு மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

புகைக்கு ஸ்மோக்டு பாப்ரிகாவே பெரும்பங்கு உதவும். ஸ்பெயினின் லா வேரா பகுதியில் ஓக் விறகின் புகையில் உலர்த்திய மிளகாயிலிருந்து வருவது இவற்றுள் சிறந்தது. இன்னும் வேண்டுமானால் லிக்விட் ஸ்மோக் இருக்கிறது. அதைச் செயற்கைச் சுவையூட்டி என்று பலர் ஒதுக்குவது நியாயமன்று. உண்மையான விறகுப் புகையைக் குளிர்வித்து நீரில் பிடிப்பதே அதன் அடிப்படை முறை. ஹிக்கரி மரப் புகையில் செய்த வகையில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம், மிகுந்தால் கசக்கும். இவை மணம் தருமே தவிர, ஹிக்கரித் தணலில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற இறைச்சிக்கு இது ஈடாகாது. விருந்தினரிடமும் அப்படியே சொல்லுங்கள். மென்மையிலும் சாறிலும் இது எதற்கும் குறைந்ததன்று.

பொருக்குதான் நீங்கள் முழுக் கவனம் செலுத்த வேண்டிய இடம். வெந்த இறைச்சியை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பாத்திரத்தில் தங்கிய சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை அகற்றி, அகன்ற வாணலியில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவையுங்கள். மசாலாவின் உப்பில் ஒரு பகுதி அதில் இறங்கியிருக்கும், சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பதால் இடையிடையே சுவை பாருங்கள். இறைச்சியை விரல் தடிமனுக்குப் பெரிய துணுக்குகளாக மட்டும் பிய்த்துத் தட்டையான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, சுண்டிய சாற்றில் சிறிது தெளித்து, பிராய்லரின் அடியில் நான்கைந்து நிமிடம் வையுங்கள். ஓரங்கள் கறுத்துச் சுருளத் தொடங்கியதும் கிளறிவிட்டு மறுபடி சாறு தெளித்து இன்னொரு முறை வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்; சர்க்கரை இருப்பதால் நொடியில் கருகிவிடும். ஸ்லோ குக்கரால் தர முடியாத வறண்ட கடும் வெப்பத்தை இந்தப் பத்து நிமிடம் தருகிறது. இதைச் செய்யாமல் விட்டால் வேகவைத்த இறைச்சியாகவே நின்றுவிடும்.

நேரக் கணக்கு: காலை ஆறு மணிக்கு ‘லோ’வில் தொடங்கினால் பிற்பகல் மூன்று முதல் நான்கு மணிக்குள் வெந்துவிடும். இரண்டு மணி முதலே தெர்மாமீட்டரால் பார்க்கத் தொடங்குங்கள். முன்னதாகவே வெந்துவிட்டால் பிய்க்காமல் முழுத் துண்டாகவே சாற்றோடு ‘வார்ம்’ அமைப்பில் வையுங்கள். பிய்த்து வைத்தால் உலரும். ஐந்து மணிக்குப் பிய்த்து, ஐந்தரைக்கு ஓவனில் வைத்தால் ஆறு மணிக்குச் சூடாக மேசைக்கு வரும்.

மிளகுக்காடி

கூட ஒன்று: வினிகர்ச் சாஸை பிராய்லருக்குப் பிறகே தெளியுங்கள், முன்னதாகத் தெளித்தால் மேற்பரப்பு ஈரமாகிப் பொருக்கு உருவாவது தாமதமாகும். மென்மையான வெள்ளை பன், முட்டைக்கோஸ் கோல்ஸ்லா, சோள மாவில் பொரித்த ஹஷ்பப்பி ஆகியவைதாம் இதற்கு இங்கே வழக்கமான துணை. கோல்ஸ்லாவைப் பக்கத்தில் வைக்காமல் இறைச்சியின் மேலேயே வைத்துப் பன்னை மூடித் தாருங்கள்.