ஒரே பக்கமாகச் சாயும் மப்ளர்: பழுது கையிலா, நூலிலா?

அரைமப்ளர்:

வணக்கம். பின்னலில் எனக்கு ஆறு வருடப் பழக்கம் உண்டு. நூல் நூற்பதில் நான்கே மாதம். அந்த நான்கு மாதமும் பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி, முக்கால் மணி என்று தக்ளியை (கையால் சுழற்றி நூற்கும் கதிரை)ச் சுற்றிச் சுற்றி 120 கிராம் கம்பளித் திரியை நூலாக்கினேன். அழகான நூல் என்று சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் தையல் நூல் கனம், அடுத்த சாணில் சணல் கயிறு. இருந்தாலும் முதல் நூல் அல்லவா, நூற்கண்டுகளை ஒரு வாரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதில் மூத்தவளுக்கு ஒரு மப்ளர் தொடங்கினேன். 4.5 மி.மீ. ஊசி, 36 கண்ணி, அதாவது ஊசியில் 36 நூல் வளையம். ஒரு வரிசை நிட் (வழுவழுப்பாக வரும் கண்ணி), மறு வரிசை பர்ல் (நிட்டின் பின்பக்கம் போல மேடாக வரும் கண்ணி). ஓரம் சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் நான்கு கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டேன். 62 செ.மீ. வளர்ந்ததும் தரையில் விரித்தால், நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டிய ஓரம் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிருக்கிறது. மேல் முனை கீழ் முனையிலிருந்து 11 செ.மீ. தள்ளி நிற்கிறது. நீள்சதுரமாக வர வேண்டியது இணைகரமாகிவிட்டது.

ஒரு பக்கம் கண்ணியைக் கூட்டி மறுபக்கம் குறைத்துவிட்டேனோ என்று எண்ணினேன். எண்ணிய வரிசையிலெல்லாம் 36தான். சரி, கைதான் கோணல் என்று முழுவதையும் பிரித்து மறுபடி பின்னினேன். மறுபடியும் அதே சாய்வு. பிறகு நனைத்து, இழுத்து, முப்பது குண்டூசி குத்தி இரண்டு நாள் காயவைத்தேன். ஊசிகளை எடுத்தபோது நேராக இருந்தது. அன்று மாலை முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் மீண்டும் சாய்ந்திருந்தது. மறதியாகப் பெண்ணின் சட்டைகளோடு சேர்த்து ஒருமுறை தண்ணீரில் நனைத்த பிறகு, முன்பைவிட ஒரு விரற்கடை கூடுதலாகவே சாய்ந்தது.

இதே ஊசியில், இதே கண்ணிக் கணக்கில், கடையில் வாங்கிய நூலால் பின்னிய பழைய மப்ளர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது ஒழுங்காகத்தான் தொங்குகிறது.

இன்னொன்று, சம்பந்தம் உண்டோ இல்லையோ: பின்னும்போது இந்த நூலைச் சற்றுத் தளரவிட்டால் தன் மேலேயே ஏறிச் சுருண்டுகொள்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிடுக்கெடுத்துவிட்டுத்தான் பின்னுகிறேன்.

மூன்றாவது முறை பிரிக்கவும் தயார். பிரித்துவிட்டு எதை மாற்றுவது என்றுதான் தெரியவில்லை.


ஊசிமுனை:

பர்ல் வரிசையில் கை தளர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பலருக்கும் நடப்பதுதான். பர்ல் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு சிறிய ஊசி வைத்துப் பாருங்கள். காயவைக்கும்போது இன்னும் நன்றாக இழுத்துக் குத்துங்கள். கம்பளி சொன்ன பேச்சைக் கேட்கும்.


தக்ளிக்காரர்:

ஊசிமுனை சொல்வது உண்மையான சிக்கல்தான், ஆனால் இந்தச் சிக்கல் அது அல்ல. பர்ல் வரிசை தளர்ந்தால் துணியின் பின்பக்கம் வரப்பு வரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். துணி ஒரு பக்கமாகச் சாயாது.

நூலைப் போல சேலை என்பார்கள். மப்ளருக்கும் அதேதான். அம்மா, உங்கள் கையில் பழுதே இல்லை. 'சம்பந்தம் உண்டோ இல்லையோ' என்று போகிற போக்கில் ஒன்று எழுதினீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான்.

தக்ளியை நீங்கள் வலஞ்சுழியாகச் சுற்றுகிறீர்கள். நான் பார்க்கவில்லை, மப்ளர் வலப்பக்கம் சாய்வதை வைத்துச் சொல்கிறேன். இடஞ்சுழியாகச் சுற்றியிருந்தால் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நூற்ற நூலை அப்படியே ஒற்றைப் புரியாக, அதாவது இன்னொரு இழையோடு சேர்த்து முறுக்காமல், பின்னியிருக்கிறீர்கள். அதில் ஏறிய முறுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, எப்படியாவது பிரிந்துகொள்ளத் துடிக்கிறது. தளரவிட்டால் தன் மேலேயே ஏறிச் சுருள்வது அதனால்தான். பின்னலுக்குள் அகப்பட்டுக்கொண்ட பிறகு சுருள இடமில்லை. அதனால் ஒவ்வொரு கண்ணியையும் கொஞ்சம் திருகிவிடுகிறது.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நிட் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் ஒரு குட்டிக் கவட்டை மாதிரி, இரண்டு கால்களும் ஒரே சாய்வில் விரிந்திருக்க வேண்டும். உங்கள் துணியில் ஒரு கால் விறைப்பாக நிமிர்ந்திருக்கும், மறு கால் ஏறக்குறையப் படுத்திருக்கும். ஒரு கண்ணியின் சாய்வு கண்ணுக்கே தெரியாது. நூற்றைம்பது வரிசை ஒரே பக்கம் சாய்ந்தால் 11 செ.மீ. ஆகாமல் என்ன செய்யும்?

துவைக்கத் துவைக்க டீ ஷர்ட்டின் பக்கத் தையல் மெல்ல முன்பக்கமாக நகர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பெரும்பாலும் ஒற்றைப் புரி நூலில் பின்னிய துணிதான். அங்கேயும் நூலின் முறுக்குதான் முக்கியக் குற்றவாளி.

கடை நூல் ஏன் சாயவில்லை? அதன் முனையைப் பிரித்துப் பாருங்கள், இரண்டு, மூன்று, நான்கு புரிகள் இருக்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்குவார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திவிடும். சரியாக அமைந்த இரட்டைப் புரியை உற்றுப் பாருங்கள், மயிரிழைகள் குறுக்கே ஓடாமல் நூலின் நீளவாக்கிலேயே ஓடும்.

இனி, நனைத்ததும் ஏன் மோசமானது என்பது. நூற்ற நூல் சில நாள் கண்டாகக் கிடந்தால் முறுக்கு தூங்கிப்போகும். தொட்டுப் பார்த்தால் பசு மாதிரி சாதுவாக இருக்கும். தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். நீங்கள் குண்டூசி குத்திக் காயவைத்தது அதை மறுபடி தூங்கவைத்த மாதிரி. சிலர் நூற்ற நூலைச் சிட்டமாக (பெரிய வளையமாக)ச் சுற்றி, நனைத்து, கீழே கனத்தைத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். கம்பளிக்கு அதுவும் தற்காலிகத் தூக்கம்தான், அடுத்த துவைப்பு வரை.

செய்ய வேண்டியது இது. பிரியுங்கள். இரண்டு புரியாகச் சேர்த்து, தக்ளியை இம்முறை இடஞ்சுழியாகச் சுற்றி முறுக்குங்கள். எவ்வளவு முறுக்குவது என்றால், ஒரு முழ நூலை நனைத்து, இரு முனைகளையும் ஒன்றாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். வளையமாக அமைதியாகத் தொங்கினால் சரி. தன்மேல் சுற்றிக்கொண்டால் முறுக்கு கூடவோ குறையவோ இருக்கிறது.

சிறிய அளவில் சோதிக்க இரண்டு கண்டு தேவையில்லை. நூலின் ஒரு முனையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மீதியை ஒரு கையின் நடுவிரலில் மாட்டி மணிக்கட்டை மாறி மாறி வளையச் சுற்றுங்கள். சுற்றி முடித்ததும் விரலிலிருந்து கழற்றி மணிக்கட்டுக்குத் தள்ளினால் வளையல் போல நிற்கும், இரண்டு முனையும் கைக்கு வந்துவிடும். இறுக்கிச் சுற்றாதீர்கள். விரல் நீலம் பாரித்துப் போய் நான் ஒருமுறை கத்தரிக்கோலைத் தேடி ஓடியிருக்கிறேன்.

என் முதல் ஒற்றைப் புரி நூல் ஒரு குல்லா ஆனது. வட்ட ஊசியில் பின்னியது. உச்சியிலிருந்து பார்த்தால் நீர்ச்சுழி மாதிரி வரிகள் சுழன்று இறங்கும். பேரன் அதை விரும்பிப் போட்டுக்கொள்கிறான். வேண்டுமென்றே செய்தது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.


அரைமப்ளர்:

ஐயா, பூதக்கண்ணாடி இல்லை, கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கால் நிமிர்ந்திருக்கிறது, மறு கால் படுத்திருக்கிறது. அச்சு அசலாக நீங்கள் எழுதியபடியே. வலஞ்சுழி என்பதும் சரி. இரண்டு முறை பிரித்தபோதும் கண்ணிகளைத்தான் எண்ணினேனே தவிர ஒரு கண்ணியைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. மொத்தம் சுமார் 240 மீட்டர் நூற்றிருக்கிறேன். இரட்டைப் புரியாக்கினால் 120 மீட்டர்கூடத் தேறாது அல்லவா? கனமும் கூடிவிடும். அந்தக் கனத்தில் 120 மீட்டர் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றவே போதாது. பெண்ணிடம் மப்ளர் என்று சொல்லியாகிவிட்டது. நீளத்தை விடாமல் செய்ய ஏதாவது வழி உண்டா?


பிரித்துப்பின்னி:

உண்டு தோழி. நூலை மாற்ற முடியாவிட்டால் பின்னலை மாற்றுங்கள்.

நிட் கண்ணி ஒரு பக்கம் சாய்ந்தால் பர்ல் கண்ணி எதிர்ப்பக்கம் சாயும். உங்கள் மப்ளரில் ஒரு முகம் முழுக்க நிட், மறுமுகம் முழுக்க பர்ல். எல்லாக் கண்ணிகளும் கூட்டணி அமைத்து ஒரே திசையில் தள்ளுகின்றன. ஒரே முகத்தில் நிட்டும் பர்லும் சரிபாதியாகக் கலந்துவிட்டால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னலாம். எனக்குப் பிடித்தது, ஒரு நிட் ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் நிட்டின் தலையில் பர்லும் பர்லின் தலையில் நிட்டும் வரும்படி பின்னுவது. விதை தூவியது மாதிரி மேடு மேடாக வரும். மேடும் பள்ளமுமான கைநூலுக்கு அதைவிட நல்ல மறைப்பு கிடையாது. ஓரமும் சுருளாது, அந்த நான்கு கண்ணிக் கரையே தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை. இந்தப் பின்னல் உயரத்தில் மெதுவாகத்தான் ஏறும், நூலும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். அதனால் அகலத்தில் சில கண்ணிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, குண்டூசி குத்தாமல் காயவையுங்கள். குத்தினால் அது பொய் சொல்லும்.

திரி இன்னும் மீதமிருந்தால் வேறொரு வேடிக்கை. மீதியை இடஞ்சுழியாக நூற்று, அந்த நூலில் இரண்டு வரிசை, பழைய நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னினால் ஒற்றைப் புரியிலேயே நிட் முகம் நேராக நிற்கும்.

தக்ளிக்காரர் ஒற்றைப் புரியே ஆகாது என்பதுபோல் எழுதிவிட்டாரோ என்று ஒரு சின்ன வருத்தம். ஐஸ்லாந்தில் முறுக்கே ஏற்றாத 'ப்ளோட்டுலோபி' என்ற கம்பளித் திரியை வட்டத் தட்டுகளாகச் சுற்றி விற்கிறார்கள். அதை அப்படியே ஊசியில் ஏற்றி ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். முறுக்கு இல்லாததால் சாய்வும் இல்லை. பின்னும்போது சுண்டி இழுத்தால் அறுந்துவிடும், அதுதான் அதன் விலை.


தக்ளிக்காரர்:

ஏற்றுக்கொள்கிறேன். ஒற்றைப் புரி ஆகாதது அல்ல, முறுக்கு மிஞ்சிய ஒற்றைப் புரிதான் தொல்லை. புதிதாக நூற்பவர்கள் நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் தக்ளியை ஒரு சுற்றுக் கூடுதலாகவே சுற்றுவார்கள். நானும் அப்படித்தான் சுற்றினேன்.


ஊசிமுனை:

நூல் சுருள்வதைப் பற்றி எழுதியிருந்ததை நான் படிக்காமலே பதில் போட்டுவிட்டேன். மன்னிக்கவும். நான் நூற்றதே இல்லை. இப்போது வீட்டில் உள்ள டீ ஷர்ட்டையெல்லாம் எடுத்துப் பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


அரைமப்ளர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பிரித்தேன். பிரித்த நூல் கண்ணியின் வடிவத்திலேயே நெளிந்து கிடந்தது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் போட்டேன். தேய்க்கவில்லை, பிழியவுமில்லை. தேய்த்தால் திரண்டு கெட்டியாகிவிடும் என்பதை ஒரு பழைய குல்லா எனக்கு ஏற்கனவே கற்பித்திருக்கிறது. எடுத்துத் தொங்கவிட்டதும் சிட்டம் முழுவதும் பூனை வால் மாதிரி ஒரு பக்கமாகச் சுழன்றது. முறுக்கு விழித்துக்கொள்வதை அப்போது கண்ணால் பார்த்தேன்.

முதலில் 24 கண்ணியில் மாதிரித் துண்டு, விதைப் பின்னலில். நனைத்து, துண்டில் ஒற்றி, குண்டூசி இல்லாமல் தரையில் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். மறுநாள் மாலை முக்கோண அளவுகோலை மூலையில் வைத்துப் பார்த்தால் சரியான செங்கோணம். வளையல் முறையில் பத்து மீட்டரை இரட்டைப் புரியாக்கி இன்னொரு துண்டும் பின்னினேன், நிட் பர்ல் வரிசைகளாக. அதுவும் நேராகத்தான் நிற்கிறது. அந்தத் துணியின் உருண்டை திரண்ட கண்ணிகளைப் பார்த்த பிறகு அடுத்த திரியை இரட்டைப் புரியாக்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மப்ளர் விதைப் பின்னலில், 30 கண்ணியில் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்று 41 செ.மீ. நூலின் சணல் கயிற்றுப் பகுதிகள் மேடுகளுக்குள் ஒளிந்துகொண்டன. சிடுக்கு மட்டும் விட்டபாடில்லை. கண்டை ஒரு சிறிய டப்பாவில் போட்டு, நூல் தளராமல் வரும்படி வைத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது.

தக்ளிக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. இரட்டைப் புரி முறுக்கும்போது என் கை பழக்கதோஷத்தில் வலஞ்சுழியாகவே சுற்றிவிடுகிறது. அந்தப் பத்து மீட்டரிலேயே இரண்டு முறை அப்படி ஆகி, நூல் கம்பி மாதிரி விறைத்துக் குட்டிக் குட்டி முடிச்சாகச் சுருண்டது. தக்ளியின் வட்டில் ஒரு காகிதத்தில் அம்புக்குறி வரைந்து ஒட்டியிருக்கிறேன். சின்னவன் அதைப் பிய்த்து மறுபக்கமாகத் திருப்பி ஒட்டிவிட்டான். பழகும் வரை கைக்கு நினைவூட்ட நீங்கள் என்ன செய்தீர்கள்?


தக்ளிக்காரர்:

தொடையில் உருட்டிச் சுற்றும் பழக்கம் உண்டா? நூற்கும்போது வலத்தொடையில் இடுப்பு நோக்கி மேலே உருட்டுங்கள், புரி சேர்க்கும்போது முழங்கால் நோக்கிக் கீழே உருட்டுங்கள். திசையை விரல்கள் மறந்தாலும் மேல், கீழ் மறக்காது. அம்புக்குறியைச் சின்னவன் கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டுங்கள்.