குடல் அழற்சி நோய்: ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடு ஒன்றுதானா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
எனக்கும் அண்ணனுக்கும் பெருங்குடல் புண் அழற்சி இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரே நிபுணரிடம்தான் இருவரும் சிகிச்சை பெறுகிறோம். மாதவிடாய் நெருங்கினாலே எனக்கு வலியும் வயிற்றுப்போக்கும் கூடிவிடுகின்றன. என்னைப் பெண் பார்க்க வருபவர்கள், இந்த நோயோடு குழந்தை பெற முடியுமா என்பதையே முதலில் கேட்கிறார்கள். அண்ணனுக்கும் வரன் பார்க்கிறோம். அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நோய் உண்மையிலேயே பெண்ணிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறதா?

ஓய்வுபெற்ற தாதி, கிள்ளான்:
ஓரளவு உண்மைதான், தங்கையே. மாதவிடாயின்போது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையோடு குடலையும் சுருங்கச் செய்வதால், நோய் அடங்கியிருக்கும் பெண்களுக்கும் அந்நாள்களில் வயிற்றுப்போக்கு கூடுவதுண்டு. நோய் திரும்பிவிட்டதா என்ற ஐயம் எழுந்தால், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதம் மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குடல்வழியாகவும் மாதவிடாயாலும் இரத்தம் போவதால் நமக்கு இரத்தசோகை எளிதில் வந்துவிடும். அழற்சி உள்ளபோது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு இயல்பாகத் தெரிந்தாலும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம்.

குழந்தையைப் பற்றிய அச்சம் வேண்டாம். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிக்கும் பெண்களில் பெரும்பாலோர் நலமாகவே பெற்றெடுக்கிறார்கள். கருவுற்ற பயத்தில், குடல் அழற்சியை அடக்கும் மெசலசின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதுதான் கேடு. ஆனால், இந்நோய்க்குச் சிலருக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கருவுக்கு ஆகாது. அதை மருத்துவரிடம் பேசிப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு:
அந்தக் கேள்வியை உங்கள் அண்ணனிடமும் கேட்டிருக்க வேண்டும். இந்நோய்க்குத் தரும் சல்ஃபாசலசின் என்ற மாத்திரை ஆண்களின் விந்தணு எண்ணிக்கையையும் அசைவையும் குறைக்கும். எங்களுக்குக் குழந்தை தங்காதபோது உறவினர்கள் என் மனைவியையே மருத்துவர் மருத்துவராக அழைத்துப்போனார்கள். அவள் கையில் ஊசித் தழும்பு ஆறுவதற்குள் அடுத்த பரிசோதனை வந்துவிடும். என் மாத்திரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மெசலசினுக்கு மாற்றியபின் சில மாதங்களில் எண்ணிக்கை சீரானது.

இந்நோயோடு சேர்ந்து வரும் பித்தநாள அழற்சியும் பெருங்குடல் புற்றுநோயும் ஆண்களிடம் சற்று அதிகம். ஆனாலும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்கு நடுவே கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கக் கூசி, காலையில் பட்டினி கிடக்கும் ஆண்களை நான் அறிவேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
மிக்க நன்றி. அண்ணனின் மாத்திரை உறையில் சல்ஃபாசலசின் என்றே அச்சிட்டிருக்கிறது. இன்றே நிறுத்தச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற தாதி, கிள்ளான்:
கூடவே கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பலாம். அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரை அழைத்து, திருமணப் பேச்சு நடப்பதைச் சொல்லி, மாற்று மருந்து கேட்கட்டும். அந்த அழைப்பில் நீங்களும் உடனிருங்கள். ஆண்கள் தனியே போனால் இதைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள்.