புதுப்பிப்பு: தனி அறையா, பகிர்வு அறையா? முடிவு எடுத்தாச்சு

கல்லூரி விடுதியில் தனி அறை எடுப்பதா, இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். எனக்குத் தூக்கம் சட்டென்று கலைந்துவிடும், புது ஆட்களிடம் பேசவும் கொஞ்சம் தயக்கம் என்பதால் பலரும் தனி அறைதான் சரி என்றீர்கள். நான் இருவர் அறையை எடுத்தேன். வாடகை குறைவு என்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டுமில்லை. வகுப்பு முடிந்து கதவைச் சாத்திக்கொண்டால் மறுநாள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே இருந்துவிடுவேன் என்ற பயம்தான் பெரிது.

அறைத்தோழி அமைதியானவள். தொல்லை அலாரத்தால் வந்தது. விடியற்காலையில் அடிக்கும், அணைப்பாள், சில நிமிடத்தில் மறுபடி அடிக்கும், எழுவதென்னவோ நான்தான். மனதுக்குள் புழுங்காமல் நேராகவே சொன்னேன். இப்போது போனைத் தலையணைக்கு அடியில் அதிர்வில் வைத்துக்கொள்கிறாள், இரவில் நான் படிக்க மேசை விளக்கு மட்டும். விளக்கணைக்கும் நேரம், யார் எப்போது வரலாம், எதைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, இதையெல்லாம் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள், பிறகு பேச்சை எடுப்பதே சங்கடமாகிவிடும்.

காய்ச்சலில் கிடந்தபோது கேட்காமலே மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த ஆண்டுக்கும் இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்திருக்கிறோம். ஆனால் உடல்நிலை காரணமாகத் தனிமை தேவைப்படுபவர்கள் தயங்காமல் தனி அறையே கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.